பேட்டரிக்கு நேராகக் கொடுத்த வயர்: ஒரு 1969 டாட்ஜ் சார்ஜரின் நிகழ்வு ஆய்வு

டெட்ராய்ட்டுக்கு வடக்கே போகும் வுட்வர்ட் அவென்யூவில் 1995 முதல், 2020 தவிர, ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழைய கார்களின் பெரிய ஊர்வலம் நடக்கிறது. அன்று சாலை முழுக்கக் கார்கள் ஊர்ந்துதான் போகும். நண்பர் ஒருவர் தன் 1969 டாட்ஜ் சார்ஜரில் அப்படி இரண்டு மணி நேரம் ஊர்ந்திருக்கிறார். நெரிசல் குறைந்த இடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தார். இரண்டு மைல் போவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில்தான் வண்டி தப்பியது.

மறுநாள் எனக்குப் போன் செய்தபோது, புதிதாகப் போட்ட எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனைத்தான் குறை சொன்னார். கார்புரேட்டர் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லையே என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. பழைய மசில் காரின், அதாவது பெரிய இன்ஜின் வைத்த வேகக் காரின், இன்ஜினைத் தொட நினைக்கிற யாருக்கும் அந்த நாளின் கணக்கு பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி

ஹாம்ட்ராம்க்கில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் செய்த கார். நண்பரின் அப்பா புதிதாக வாங்கியது. வண்டியின் அடையாள எண்ணில் (VIN) ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்து, நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 383 கன அங்குல வி-8 என்று சொல்கிறது. நம் கணக்கில் சுமார் 6.3 லிட்டர். அன்றைய விளம்பரப்படி 330 குதிரைத்திறன். அதே 383-க்கு 440 கன அங்குல இன்ஜினின் ஹெட்டும், வால்வுகளைத் திறக்கும் கேமும் போட்டு, ரோட் ரன்னர், சூப்பர் பீ என்ற கார்களில் 335 என்று விற்றார்கள். இந்த எண்களை இன்றைய காரின் எண்களோடு ஒப்பிடக்கூடாது. ஏர் கிளீனர், ஃபேன், வண்டியின் சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் தனியாக மேடையில் வைத்து அளந்த மொத்தத் திறன் அது. வண்டியில் இருக்கும் நிலையில் அளந்து சொல்லும் முறை 1972-ல்தான் பரவலானது.

டாட்ஜ் மெயின் ஆலை 1980-ல் மூடப்பட்டது, அப்புறம் இடிக்கப்பட்டது. அந்த இடத்தையும் சேர்த்துக் கட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் இன்று முழு மின்சார வண்டிகள் தயாராகின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த சார்ஜரின் நினைவு வரும்.

முந்தின குளிர்காலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டர்களோடு கூடிய திராட்டில் பாடி. ரேடியேட்டருக்கு இரண்டு எலக்ட்ரிக் ஃபேன். இதற்கெல்லாம் கரன்ட் வேண்டுமே என்று 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றும்போது கரன்ட் தயாரிக்கும் கருவி. பழைய ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியரை ஒட்டியது. பழைய சார்ஜிங் வயரிங்கில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டருக்கும் ஃபேனுக்கும் போகும் மெயின் வயர்களை பேட்டரிக்கு நேராகக் கொடுத்திருந்தார்கள். இன்ஜெக்‌ஷன் பெட்டியோடு வரும் கையேடும் அதைத்தான் சொல்லும். பெரும்பாலான கார்களுக்கு அது சரியான முறைதான்.

மீட்டர் சொன்னது

டாட்ஜைத் தயாரித்த கிறைஸ்லர் கம்பெனியின் இந்தத் தலைமுறைக் கார்களில் கரன்ட் போகும் வழியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்படுகிறது. அது இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில், பல்க்ஹெட் கனெக்டர் என்ற பிளாஸ்டிக் கட்டை வழியாக உள்ளே நுழைகிறது. உள்ளே ஒரு இணைப்பில் சேர்ந்து, அங்கிருந்து சாவி சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ், ஹெட்லைட் சுவிட்ச் என்று பிரிகிறது. அதே இணைப்பிலிருந்து ஒரு கிளை கரன்ட்டின் அளவைக் காட்டும், டேஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டருக்குள் போய் வெளியே வந்து, சிவப்பு வயராக மறுபடியும் அதே பல்க்ஹெட் கனெக்டர் வழியாக இன்ஜின் அறைக்குத் திரும்பி பேட்டரியை அடைகிறது. கரன்ட் உள்ளே போய், சுற்றி, வெளியே வர வேண்டும்.

1969-ல் இது நன்றாகவே வேலை செய்தது. விளக்கு, ரேடியோ, ஹீட்டர் எல்லாம் கேபின் பக்க இணைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பேட்டரி நிறைந்த பிறகு ஆம்மீட்டர் வழியாகப் போகும் கரன்ட் சொற்பம். முள் நடுவில் நிற்கும்.

பேட்டரியில் ஃபேனை மாட்டினால் கதை மாறுகிறது. இன்ஜின் ஓடும்போது ஃபேனுக்குக் கரன்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர்தான். அது ஃபேனை அடைய வேண்டுமென்றால் கறுப்பு வயர், கனெக்டர், ஆம்மீட்டர், மறுபடி கனெக்டர், சிவப்பு வயர் என்று முழுச் சுற்றும் சுற்றிப் பேட்டரிக்கு வர வேண்டும். 'நேராக' என்று நினைத்துக் கொடுத்த இணைப்பு, உண்மையில் காரிலேயே நீண்ட, பலவீனமான பாதையில் போய் விழுந்துவிட்டது. நண்பரிடம் ஆம்மீட்டர் முள் எங்கே நிற்கும் என்று கேட்டேன். கோடை முழுக்க சார்ஜ் பக்கமே சாய்ந்திருந்ததாம். புது ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

கருகியது போக மீதி இருந்த முனைகளைத் தற்காலிகமாகச் சேர்த்து, விளக்குகளை அணைத்துவிட்டு, ஃபேன் இரண்டும் ஓடும்போது 2000 ஆர்.பி.எம்.மில் அளந்தேன். கிளாம்ப் மீட்டர் 42 ஆம்பியர் காட்டியது. ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்தால் 1.7 வோல்ட் இழப்பு. அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே நான் கவலைப்படுவேன். பிரித்துப் பார்த்தால் கறுப்பு வயர் கனெக்டரில் 0.6, சிவப்பு வயர் கனெக்டரில் 0.5, ஆம்மீட்டரில் 0.35, மீதி வயர்களின் நீளத்தில்.

0.6 வோல்ட்டை 42 ஆம்பியரால் பெருக்கினால் 25 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்தான். விரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளை முனையில், ஐம்பது வருடப் பிளாஸ்டிக்குக்குள், சால்டரிங் அயர்னை மாட்டி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். இதில் இன்னொரு விஷயம், சூடு கரன்ட்டின் இருமடியில் ஏறும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சூடேறிய முனை தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு.

ஊர்வலத்தில் ஏன் கருகியது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஊர்ந்து போகும்போது ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், அதனால் போதுமான கரன்ட் தராது. ஃபேனோ இடைவிடாமல் ஓடும். பற்றாக்குறையைப் பேட்டரி கொடுத்துக் கொடுத்து இறங்கிவிடும். சாலை விட்டதும் வேகம் ஏறுகிறது, 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது. காலியான பேட்டரிக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் முழு வேகத்தில் கரன்ட்டைத் தள்ளுகிறது, அந்த ஒற்றைக் கனெக்டர் வழியாக. பழைய சிறிய ஆல்டர்னேட்டராக இருந்திருந்தால் அது தரக்கூடியதே குறைவு, கனெக்டர் பிழைத்திருக்கலாம்.

பட்டறைக்காரர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று நண்பர் கோபமாகக் கேட்டார். அவர்கள் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்திருப்பார்கள், அங்கே 13.7 வோல்ட், பார்க்க ஆரோக்கியமான எண். அதே நொடியில் ஆல்டர்னேட்டர் முனையில் 15.4 வோல்ட் இருந்தது. காரணம் ரெகுலேட்டர். அது சாவி சுவிட்ச் வழியாக வரும் நீல வயரில் உள்ள வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்கும். அந்த நீல வயரும் தேய்ந்த சுவிட்ச் வழியாகவும் இதே கனெக்டர் வழியாகவும் வருவதால் 0.7 வோல்ட்டை இழந்துவிட்டு வந்தது. ரெகுலேட்டர் கண்ணுக்கு 14 வோல்ட். குறைவாக இருக்கிறதே என்று மேலும் மேலும் ஏற்றியிருக்கிறது. ஃபேன் நின்றதும் பேட்டரி அளவு கடந்து சார்ஜ் ஆகும். பேட்டரி மூடியைச் சுற்றி இருந்த அமிலப் பூச்சு அதற்குச் சாட்சி.

முதலில் வயரிங்

நண்பருக்கு இன்ஜினைப் பிரிக்கத்தான் ஆசை. மின்சாரம் சரியாகும் வரை ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வரிசையில் நான் பிடிவாதக்காரன். கூடுதல் குதிரைத்திறனுக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் மின்சாரத்தின் தலையில்தான் வந்து உட்காரும். பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், வலுவான இக்னிஷன், ஃபேன் எதுவுமே 1969-ல் இருந்த வயரிங்கை நினைத்து வடிவமைத்தவை அல்ல.

ஆல்டர்னேட்டர் முனையிலிருந்து தடிமனான 6 கேஜ் கேபிள் ஒன்றை, ஃபெண்டரின் உட்புறத்தில் புதிதாக வைத்த இணைப்பு முனைக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்து ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு. சார்ஜிங் கரன்ட் இனி கேபினுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. கேபிள் தடிமனை ஃபேன் கணக்கில் தீர்மானிக்கவில்லை, ஆல்டர்னேட்டரின் உச்ச அளவில் தீர்மானித்தேன். காலியான பேட்டரி அந்த உச்சத்தைக் கேட்கும் நாள் ஒன்று வரும். புதுச் சாதனங்கள் எல்லாம் அந்த இணைப்பு முனையில்தான், ஒவ்வொன்றும் தனி ஃபியூஸோடு.

ஆம்மீட்டரின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒரே போல்ட்டில் சேர்த்துக் காப்பிட்டேன். மீட்டரின் முகத்தை அப்படியே வைத்து உள்ளே வோல்ட்மீட்டராக மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்பினோம். கேபினுக்கு இப்போது கறுப்பு, சிவப்பு இரண்டு வயர்களும் பக்கம் பக்கமாகக் கரன்ட் கொண்டு போகின்றன. இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கம்பெனி வயரிங்கில் பேட்டரி பக்கச் சிவப்பு வயருக்கு மட்டும்தான் ஃபியூசிபிள் லிங்க், அதாவது கரன்ட் அளவு மீறினால் உருகி அறுந்துவிடும் வயர்த் துண்டு, இருந்தது. இரண்டையும் சேர்த்த பிறகு கறுப்பு வயருக்கும் ஒன்று போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு ஷார்ட் ஆனால் பாதுகாப்பில்லாத பக்கத்திலிருந்து கரன்ட் பாய்ந்துகொண்டே இருக்கும்.

உருகிய கனெக்டர் கட்டைக்குப் புதுசு வாங்கினோம். அந்த இரண்டு தடிமனான வயர்களை மட்டும் கனெக்டர் முனையில் மாட்டாமல், கட்டையில் துளையிட்டு வெட்டாமல் நேராக உள்ளே விட்டேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. காவல்துறைக்கும் டாக்சிக்கும் போன வண்டிகளில் கிறைஸ்லரே இப்படித்தான் செய்து கொடுத்தது. பலவீனம் எங்கே என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, அதாவது சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டோம். நான்கு விளக்கும் எரியும்போது 12 ஆம்பியர் அளவுக்குப் போகும், அது முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 13 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11 கிடைத்தால் வெளிச்சம் பாதியை ஒட்டி வந்துவிடும். பழைய கார் என்றால் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும் என்று நண்பர் இத்தனை வருடம் நம்பியிருந்தார். ரிலே போட்ட இரவு, பல்பை மாற்றிவிட்டாயா என்று மூன்று முறை கேட்டார்.

அப்புறம் எர்த். இன்ஜினிலிருந்து தகரச் சுவருக்குப் போகும் பின்னல் பட்டை காணாமலே போயிருந்தது. புதிது போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினேன்.

எலக்ட்ரிக் ஃபேன் இரண்டையும் கழற்றிவிட்டோம். இதற்கு நண்பர் எளிதில் சம்மதிக்கவில்லை, புதுசு, காசு கொடுத்தது. ஆனால் இந்த வண்டிக்கு வந்த, இன்ஜினே சுற்றும் கிளட்ச் ஃபேன், அதைச் சுற்றி நிற்கும் சரியான ஷ்ரௌடு என்ற உறையும் நல்ல ரேடியேட்டரும் இருந்தால் போதும். ஷ்ரௌடுதான் எப்போதோ தொலைந்திருந்தது, அதனால்தான் வண்டி சூடேறி, அதனால்தான் எலக்ட்ரிக் ஃபேன் வந்தது. ஷ்ரௌடை வாங்கி மாட்டினோம். 30 ஆம்பியர் லோடு ஒரே நாளில் இல்லாமல் போனது. இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் திருப்தியாகச் செய்தது இதுதான்.

இன்ஜின்

கம்ப்ரெஷன் பார்த்தபோது ஏழு சிலிண்டரில் 140 பி.எஸ்.ஐ.க்கு மேல் வந்தது, ஐந்தாவதில் 95. காற்றை ஏற்றிக் கேட்டால் சைலன்சர் குழாயில் சீறல். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இரும்பு ஹெட், கடினப்படுத்தாத வால்வு சீட். மெதுவாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய பிரச்சினை ஆகாது, ஆனால் இந்த வண்டி நெடுஞ்சாலையில் நிறைய ஓடியிருக்கிறது.

இங்கே பெரிய கேள்வி ஒன்று இருந்தது. 383-ஐ எடுத்துவிட்டு இன்றைய ஹெமி இன்ஜினை இறக்கலாம். 440-இன் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கைக் கடைந்து இதிலேயே போட்டு 426 கன அங்குலம் ஆக்கலாம். இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் இந்த பிளாக்கில் பொறித்த எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றன, அப்பா ஓட்டிய இன்ஜின் இது. அப்படிப்பட்ட இன்ஜினைக் கழற்றி மூலையில் வைக்க எனக்கு மனம் வராது. நண்பருக்கும் வரவில்லை.

சிலிண்டரை 30 தவு போர் பண்ணினோம், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு. இப்போது 388 கன அங்குலம். கடினமான வால்வு சீட் உள்ள அலுமினிய ஹெட் இரண்டு. கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் தட்டையான டேப்பெட்டை விட்டுவிட்டு ஹைட்ராலிக் ரோலர் கேம் எடுத்தோம். இன்றைய இன்ஜின் ஆயிலில், கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகத் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். தட்டை டேப்பெட்டுக்கு உயிரே அந்தத் துத்தநாகம்தான். முதல் 20 நிமிட ஓட்டத்திலேயே கேம் தேய்ந்து போன இன்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன், இன்னொன்றைப் பார்க்க விருப்பமில்லை.

கேம் அளவில் நண்பர் பெரிதாகக் கேட்டார், நான் மிதமாகவே தேர்ந்தேன். சார்ஜரின் ஹெட்லைட் மூடிகள், இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவத்தில்தான் திறக்கும். பிரேக் பூஸ்டரும் வேக்குவத்தில்தான். பெரிய கேம் போட்டால் ஐடிலில் அந்த வேக்குவம் போய்விடும். இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரும் அதே வேக்குவத்தை அளந்துதான் பெட்ரோலை முடிவு செய்கிறது.

சாவியை விட்டதும் பிடிக்கும் வண்டி

இன்ஜின் திரும்பி உட்கார்ந்ததும் பழைய புகார் ஒன்று மறுபடி வந்தது. செல்ஃப் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. சாவியை விட்ட நொடியில் ஒரு உதறலோடு பிடிக்கும். முன்பு இதற்காகவே செல்ஃப் மோட்டாரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள்.

காரணம் சாவி சுவிட்சில் இருந்தது. இந்தக் கார்களில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் நீல இக்னிஷன் வயர் செத்துவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் பழுப்பு வயர் ஒன்று உயிர் பெற்று, கரன்ட்டைக் குறைத்து அனுப்பும் பேலஸ்ட் ரெசிஸ்டரைத் தாண்டி, ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்கு முழு பேட்டரி வோல்ட்டேஜ் கொடுக்கும். குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்கான பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. இன்ஜெக்‌ஷன் போட்ட பட்டறை பேலஸ்ட்டைக் கழற்றி, பழுப்பு வயருக்கு டேப் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் சாவி வயரை நீலத்தில் கொடுத்திருந்தது. ஸ்டார்ட் செய்யும் நேரம் முழுக்கக் கம்ப்யூட்டர் அணைந்தே இருந்திருக்கிறது. சாவியை விட்டதும் அது விழிக்கிறது, இன்ஜின் இன்னும் அரைச் சுற்று சுற்றிக்கொண்டிருப்பதால் பிடித்துக்கொள்கிறது.

நீலத்தையும் பழுப்பையும் சேர்த்து ஒரு ரிலேயை இயக்க விட்டேன். ரிலேக்கு மின்சாரம் புது இணைப்பு முனையிலிருந்து. கம்ப்யூட்டரின் சாவி வயர், இக்னிஷன், ரெகுலேட்டர் பார்க்கும் வயர் மூன்றும் அந்த ரிலேயின் வெளியீட்டில். ஸ்டார்ட் பிரச்சினை தீர்ந்தது. ரெகுலேட்டருக்கு உண்மையான வோல்ட்டேஜ் தெரிய ஆரம்பித்ததால் அதிக சார்ஜும் நின்றது.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்புரேட்டருக்கு 5, 6 பி.எஸ்.ஐ. போதும், இந்த இன்ஜெக்‌ஷனுக்கு 58. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றுகூட மிச்சம் வைக்கக்கூடாது, எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உள்ளேயிருந்து தின்றுவிடும். பம்ப்பை டேங்க்குக்குள் வைத்தோம். இன்ஜின் சுற்றாவிட்டால் கம்ப்யூட்டர் பம்ப்பை நிறுத்துகிறதா என்று இரண்டு முறை சோதித்தேன். விபத்து நேரத்தில் தீயைத் தடுக்க அது மிக முக்கியம்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி வுட்வர்ட் போனோம், நான் பக்கத்து சீட்டில் மீட்டரோடு. ஊர்ந்து முடித்து வேகம் எடுத்த இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை 2000-இல் நிறுத்தி அளந்தேன். ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே 0.12 வோல்ட். பேட்டரியில் 14.1. பல்க்ஹெட் கனெக்டரைக் கையால் தொட்டுப் பார்த்தேன், பக்கத்துத் தகரத்தைவிடச் சூடாக இல்லை.

இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டார். வலது மூடி சட்டென்று திறந்தது, இடது மூடி அரை நொடி தாமதித்து மெல்லத் திறந்தது. இடது பக்க வேக்குவம் ஹோஸில் எங்கோ ஒரு சின்னக் கசிவு. அதை இந்தக் குளிர்காலத்தில் பார்க்க வேண்டும்.